மணல் போட்டு அணைத்த விளக்கு

திருச்சி
14.06.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகமா இருக்கேன். நீங்களும் நல்லா இருக்கீகன்னு அம்மா நேத்து போன்ல சொன்னாக. ஆனா அம்மா காய்ச்சல்ல படுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லுவாக. அதனால உங்க கையெழுத்துலயும் ஒரு தடவை வேணும்.

எம்.ஏ. ரெண்டாம் வருஷம் ஆரம்பிச்சாச்சு. ஹாஸ்டல்ல இந்த வருஷமும் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் போனைக் கையில குடுக்குறாக. அது அம்மாவுக்கே பத்தல. நீங்க வாங்குனா மட்டும் என்ன, "சாப்ட்டியா? சரி, வச்சிரு"ன்னு முடிச்சிருவீக. கடிதாசின்னா மட்டும் எப்படித்தான் அம்புட்டுப் பேச்சு வருதோ. அதனால போன வருஷம் மாதிரியே எழுதிக்கிருவோம்.

முக்கியமான சேதி. என் கட்டுரையை 'அலைவாசல்' நாவலோட வாசகர் வட்டம் அவுக இணையதளத்துல போட்டுட்டாக! 'விளக்கை அணைத்தவன் துரோகியா?'ன்னு தலைப்பு. நாலு பாகத்தையும் கரைச்சுக் குடிச்சவங்க மட்டும் எழுதுற இடம் அத்தா அது.

நீங்க முதல் பாகத்தைக் கையில எடுத்திருக்கீகன்னு அம்மா சொன்னாக. நெசமாவா? கதையை முழுசாச் சொல்லிட்டா சுவாரசியம் போயிரும், ஆனா வாசகர்களுக்குள்ள சண்டை எதுக்குன்னு மட்டும் சொல்லுறேன். அலைவாசல் ஒரு தீவு. அங்கன கலங்கரை விளக்கைப் பாத்துக்கிறவர் பரிதியன். நாலாம் பாகக் கடைசியில விளக்கு அணைஞ்சிருது, இளவரசனோட கப்பல் பாறையில மோதிருது. பரிதியனைக் காணோம். எதிரிகிட்ட விலைபோயிட்டாருன்னு ஊரே சொல்லுது. நான் சொல்லுறது வேற. எதிரிக் கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்துறக் கூடாதுன்னுதான் அவர் அணைச்சாரு. அந்த நேரம் பாத்து இளவரசன் வருவான்னு அவருக்கு எப்படித் தெரியும்? அஞ்சாம் பாகம், கடைசிப் பாகம், ஜனவரியில வருது. அப்ப தெரிஞ்சிரும்.

எனக்காகப் படிக்கிற மாதிரி நடிக்காதீக. பிடிக்கலன்னா மூடி வச்சிருங்க.

உங்க மகள்,
தஹ்மீனா


சிவகாசி
02.07.2025

என் அருமை மக தஹ்மீனாவுக்கு அத்தா எழுதிக்கிறது.

வ அலைக்கும் ஸலாம். இங்கன எல்லாரும் சுகம். எனக்குச் சளிகூட இல்ல. உங்கம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கு, உங்கிட்டச் சொல்ல மாட்டா, நான் சொல்லிட்டேன்.

நடிக்கவெல்லாம் இல்ல. ரெண்டு பாகம் முடிச்சிட்டேன். இத்தனை வருஷமா புஸ்தகத்துக்கு முதுகு ஒட்டிக்கிட்டு இருக்கேன், உள்ள இருக்கிறதைப் படிக்கணும்னு தோணுனதே இல்ல. அல்வாக் கடைக்காரன் அல்வா திங்காத மாதிரிதான்.

உன் கட்டுரையைக் கம்ப்யூட்டர் சென்டர்ல குடுத்துத் தாள்ல எடுத்துக்கிட்டேன். மேல 'தஹ்மீனா நூகு'ன்னு போட்டிருந்துச்சு. உன் பேருக்குப் பின்னால எம் பேரு. அந்தத் தாளை எடுத்துட்டு விஸ்வநத்தம் ரோட்டுல நம்ம பைண்டிங் ஆபீசுக்குப் போனேன். மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் தொறந்து உக்காந்திருக்கும்போது தாள் மடிக்கிற மாரிசெல்விகிட்டக் குடுத்து, "சத்தமா வாசி"ன்னேன். அவ வாசிக்க வாசிக்க ஒருத்தியும் சோத்துல கைய வைக்கல. "பாய், நம்ம புள்ளையா இப்படி எழுதுது?"ன்னு கேட்டா. தாள்ல எம் பேரைத் தொட்டுக் காட்டுனேன்.

ஆனா ஒண்ணு. உன் பரிதியன் துரோகிதான். நம்பி ஒரு வேலையில வச்சா, என்ன ஆனாலும் அதைச் செய்யணும். விளக்கை எரிய விடுறதுதான் அவன் வேலை. அணைச்சிட்டு எந்தக் காரணம் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். எனக்குப் பதில் எழுது பாப்போம்.

துஆவுடன்,
உன் அத்தா
முகம்மது நூகு


திருச்சி
10.08.2025

அன்பு அத்தா,

உங்களுக்கும் அம்மா முழங்காலுக்கும் ஸலாம். தைலத்தைத் தேய்க்கச் சொல்லுங்க, அலமாரியில வச்சு அழகு பாக்க வேண்டாம்.

உங்க கடிதாசியை என் ரூம்ல இருக்கிற எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனேன். "உங்க வீட்டுல அத்தாவும் மகளும் இப்படியா சண்டை போடுவீங்க?"ன்னு கேக்குறாக. கட்டுரையை எத்தனையோ பேர் படிச்சிட்டாக. கோவில்பட்டியில இருந்து நல்லசிவம்னு ஒரு பேராசிரியர் பெரிய மறுப்பு எழுதியிருக்காரு. இந்த வட்டத்துல அவர் சொன்னா சொன்னதுதான். அவரும் உங்க கட்சிதான்: பரிதியன் துரோகி. 'இளம் வாசகியின் இரக்கம் ஆதாரமாகாது'ன்னு ஒரு வரி போட்டிருக்காரு. அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கல.

ஆனா அதனாலேயே ஒரு நல்லது. ஜனவரியில அஞ்சாம் பாகத்தை மதுரையில ஒரு மண்டபத்துல வெளியிடுறாக. எழுத்தாளர் அழகுராஜாவே வர்றாரு. புத்தகக் கட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னால மேடையில ஒரு விவாதம். ஒரு பக்கம் நல்லசிவம் சார். இன்னொரு பக்கம் யார்னு நெனைக்கிறீக? உங்க மகதான்!

விளக்கை எரிய விடுறதுதான் வேலைன்னு சொல்லுறீக. நான் சொல்லுறேன், கப்பலைக் காப்பாத்துறதுதான் வேலை, விளக்கு அதுக்கு ஒரு சாமான். நாலாம் பாகத்தை முடிச்சிட்டு மறுபடி பேசுங்க.

எப்பவும் உங்களோட சண்டை போடத் தயாராக இருக்கும்,
தஹ்மீனா


சிவகாசி
05.09.2025

மேடை ஏறப்போகும் என் மகளுக்கு,

ஸலாம். நலமா இரு, நல்லாச் சாப்பிடு. மதுரையில மேடைன்னு படிச்சதும் உங்கம்மா உடனே உனக்குப் புதுச் சுடிதார் எடுக்கணும்னு கிளம்பிட்டா. நான் உன் சித்தப்பா உபைதுல்லா கடைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்தேன். கடையில இருந்த யாவாரிகளுக்கும் சொன்னேன். கேக்காதவங்களுக்கும் சொன்னேன்.

நாலாம் பாகம் முடிச்சிட்டேன். நான் கட்சி மாறிட்டேன். ஏன்னு கேளு.

விளக்கு மாடத்துக்குள்ள காவலாளுக ஏறிப் பாக்குற இடம் இருக்குல்ல, அதுல ஒரு வரி வருது. விளக்கோட கிண்ணம் முழுக்க மணல்னு எழுதியிருக்காரு. நீ அதைப் பத்தி ஒண்ணும் எழுதல. அந்தப் பேராசிரியரும் எழுதல. நம்ம ஊர்க்காரனுக்குத்தான் அது கண்ணுல படும். பட்டாசு ஆபீஸ்ல ஒவ்வொரு ரூம் வாசல்லயும் வாளியில மணல் தொங்குதுல்ல? தீயை அணைக்க ரெண்டு வழி இருக்கும்மா. அணைஞ்சா போதும்னு நெனைக்கிறவன் கைக்கு எட்டுன தண்ணியை ஊத்துவான். சூட்டுல இருக்கிற கண்ணாடி தண்ணி பட்டா வெடிச்சுச் சிதறிரும், அப்புறம் அந்த விளக்கு எதுக்கும் ஆகாது. பரிதியன் மணலைப் போட்டிருக்கான். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல. மணலை அள்ளி வெளிய போட்டுட்டா மறுபடி ஏத்திறலாம். விலைபோனவன் அந்த விளக்கை எதுக்குப் பத்திரமா வச்சிட்டுப் போகணும்?

மாரிசெல்வி புருசன் ஏழாயிரம்பண்ணை பக்கம் பட்டாசு வேலைக்குத்தான் போறாரு. அவர்கிட்டயும் கேட்டுட்டேன். "சரிதான் பாய், கண்ணாடின்னா மணல்தான்"னாரு.

இதை உன் அடுத்த கட்டுரையில போடு.

இப்ப உன் கட்சிக்காரனான,
அத்தா


திருச்சி
12.10.2025

என் கட்சித் தலைவருக்கு,

ஸலாம் அத்தா! தீபாவளிச் சீசன், கேலண்டர் சீசன் ரெண்டும் ஒண்ணா நெருக்கும், நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?

மணல் கட்டுரை வெளிவந்து பத்திக்கிச்சு. இப்ப வட்டத்துல யாரும் 'பரிதியன் கட்சி'ன்னு சொல்லுறதில்ல, 'மணல் கட்சி'ன்னுதான் சொல்லுறாக. மணல் வாளி படம் போட்டு ஒருத்தர் பனியன் அடிச்சு விக்கிறாரு! நல்லசிவம் சார் இந்தத் தடவை இரக்கம் அது இதுன்னு எழுதல. 'யோசிக்க வேண்டிய வாதம்'னு மட்டும் எழுதியிருக்காரு. அவர் அப்படி எழுதுனதே பெரிய விஷயம்.

கட்டுரையோட முதல் பத்தியிலேயே போட்டுட்டேன்: 'இந்தக் குறிப்பைக் கண்டவர் என் அத்தா. சிவகாசியில் புத்தக பைண்டிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். நாலு பாகத்தையும் எனக்காகப் படிக்கத் தொடங்கி, என்னையே மிஞ்சிவிட்டார்.' எழுதும்போது எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா?

மேடையில பேச உங்ககிட்ட இன்னும் வாதம் வேணும். யோசிச்சு வைங்க.

பாசத்தோட,
தஹ்மீனா


சிவகாசி
16.11.2025

அன்பு மக தஹ்மீனாவுக்கு,

ஸலாம். இங்கன எல்லாரும் நலம். உன் கடிதாசி வந்து ரொம்ப நாளாச்சு, பதில் எழுத முடியல, மன்னிச்சுக்கோ. ஆபீஸ்ல வேலை.

உங்கம்மா முழங்காலுக்கு விருதுநகர்ல ஒரு டாக்டரைப் பாத்தோம், பரவாயில்ல. பின்பக்கம் ஓடு ஒழுகுது, ஆள் சொல்லியிருக்கேன். சாத்தூர் மாமு வீட்டுல கல்யாணப் பேச்சு நடக்குது. வெள்ளரிக்கா இப்பவே வந்திருச்சுன்னு உபைதுல்லா வாங்கிட்டு வந்தான், ருசி இல்ல.

உடம்பைப் பாத்துக்கோ. பரீட்சைக்கு நல்லாப் படி.

அத்தா

தஹ்மீனாக்கண்ணு, அம்மா ரெண்டு வரி எழுதுறேன். இவுக போக்கே சரியில்ல. ஆபீஸ் வாசல்ல ஒரு கூடையை வச்சு வேலைக்கு வர்ற ஆளுக போனையெல்லாம் வாங்கிப் போடுறாக. தன் போனையும் போடுறாக. என்னன்னு கேட்டா "வேலை"ன்றாக. சாப்பிடும்போது என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கிறாக. நீ கேட்டுப் பாரு. கமருன்னிசா.


திருச்சி
01.12.2025

அத்தாவுக்கு,

ஸலாம். நலம். நீங்களும் நலம்னு எழுதியிருக்கீக.

வெள்ளரிக்காவைப் பத்தி எழுத உங்களுக்கு இடம் இருந்திருக்கு. அலைவாசலைப் பத்தி ஒரு வரி இல்ல. மணலைப் பத்தி இல்ல. மதுரைக் கூட்டத்தைப் பத்தி இல்ல. நான் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தேன், தாளோட பின்பக்கத்துல ஏதாவது இருக்குமான்னு.

அலுத்துப்போச்சா அத்தா? அப்படின்னா சொல்லிருங்க, எனக்கு வருத்தம் இல்ல. வேலைக்கு நடுவுல இம்புட்டு நாள் படிச்சதே பெருசு. இல்ல, நான் கட்டுரையில உங்களைப் பத்தி எழுதுனது பிடிக்கலையா? யாராவது ஏதாவது சொன்னாகளா?

என் மூணாவது கட்டுரையை இதோட வச்சிருக்கேன். மேடையில நான் பேசப்போறது இதுதான். பரிதியன் ஏன் அன்னைக்குப் பிறகு வாயைத் திறக்கலன்னு எழுதியிருக்கேன். ஊரே காறித் துப்பும்போதும் ஒரு மனுசன் உண்மையைச் சொல்லாம இருக்கான்னா, அதைச் சொன்னா வேற யாருக்கோ கெடுதல்னு அர்த்தம். படிச்சுட்டு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்க. நல்லா இருக்கு, இல்லன்னா நல்லா இல்ல. அது போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
தஹ்மீனா


திருச்சி
19.12.2025

அத்தா,

ஸலாம். நீங்க பதில் எழுதல. ஏன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

வட்டத்துல ஒருத்தர் எழுதியிருக்காரு. 'அஞ்சாம் பாகம் சிவகாசியில் அச்சாகிறது. அதுல ஒரு பங்கு பைண்டிங் நூகு என்பவரின் ஆபீஸில் நடக்கிறது. யார் இந்த நூகு? தஹ்மீனா நூகுவின் தகப்பனார். மகளே கட்டுரையில் பெருமையாக எழுதியிருக்கிறார். மகள் இவ்வளவு உறுதியாகப் பேசுவது எப்படி என்று இப்போது புரிகிறதா?' அதுக்குக் கீழ நூத்துக்கணக்குல ஆளுக. கள்ளின்னு எழுதுறாக. அத்தா கட்டுன புத்தகத்தைத் திருடிப் படிச்சுட்டு ஜோசியம் சொல்லுறாளாம். என் ரெண்டு வருஷ உழைப்பு, நான் கண்ணு எரிய எரிய குறிச்ச குறிப்பு, எல்லாத்தையும் ஒரே வரியில திருட்டுன்னு ஆக்கிட்டாக.

நெசமா அத்தா? நம்ம ஆபீஸ்லயா? நீங்க படிச்சிட்டீகளா?

கூட்டம் நடத்துறவங்க, "வேண்டாம்னா விலகிக்கோங்கம்மா, நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்"னு சொல்லுறாக. விலகுனா திருட்டுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. போய் நின்னு, நான் சொல்லுறதும் தப்பாப் போயிட்டா, கள்ளியும் ஆகி முட்டாளும் ஆயிருவேன்.

கதையைச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு அடையாளம் போதும். நான் சொல்லுறது சரின்னா, அடுத்த கடிதாசியில 'ஊர்ல மழை'ன்னு எழுதுங்க. தப்புன்னா 'வெயில்'னு எழுதுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும். ஒரே ஒரு வார்த்தை அத்தா.

தஹ்மீனா


சிவகாசி
24.12.2025

என் மகளுக்கு,

ஸலாம். உன் கடிதாசி கையில கிடைச்ச உடனே எழுதுறேன். உன்னைக் கள்ளின்னு எழுதுனாங்கன்னு படிச்சதுல இருந்து என் நெஞ்சு எரியுது. ஆனா அழாத.

ஆபீஸ்ல என்ன வேலை நடந்துச்சுன்னு கேட்ட. வேலை குடுத்தவங்களுக்கு நானும் என் ஆளுகளும் ஒரு வார்த்தை குடுத்திருக்கோம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் எழுத ஏலாது.

வானத்தைப் பத்தி இந்தக் கடிதாசியில நான் எதுவும் எழுதப் போறதில்ல. மழையும் இல்ல, வெயிலும் இல்ல. பனியையும் சேத்துக்கோ. நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்னு எழுதியிருக்க. அப்ப நான் வார்த்தை தவறுனது எனக்குத் தெரியும்ல?

கூட்டத்துக்குப் போன்னு நான் சொன்னா அதுல ஒரு பதில் இருக்கு. போகாதன்னு சொன்னா அதுலயும் ஒரு பதில் இருக்கு. அதனாலதான் உன் மூணாவது கட்டுரைக்குக்கூட ஒரு வார்த்தை எழுத முடியாம, தினம் பேனாவை எடுத்து எடுத்து வச்சேன். உன் இஷ்டம்னு மட்டும் எழுதுறேன். நான் மதுரைக்கு வரல, என் மூஞ்சியிலயே நீ பதிலைப் படிச்சிருவ. உங்கம்மாவும் வர மாட்டா. என் மூஞ்சியைப் பாத்தே எல்லாத்தையும் படிச்சிரக்கூடியவ அவ, அதனாலதான் இப்பல்லாம் தட்டைப் பாத்துச் சாப்பிடுறேன்.

ஒண்ணு மட்டும் எழுதுறதுல தப்பில்ல. அலுத்துப்போகல.

துஆவுடன்,
அத்தா


திருச்சி
11.01.2026

அன்புள்ள அத்தா,

ஸலாம். உங்க மக நலம். நெசமாவே நலம்.

நேத்து மேடை ஏறுனேன். போறதுக்கு முன்னால உங்க கடிதாசியை மறுபடி படிச்சேன். சனம் ரொம்ப. அம்மா எடுத்துக் குடுத்த சுடிதார்ல போய் நின்னேன். மைக்கைப் பிடிச்ச உடனே கூட்டத்துல இருந்து ஒருத்தர் எந்திரிச்சு, "அப்பா புத்தகம் கட்டுறாரு, பொண்ணு ஜோசியம் சொல்லுது!"ன்னாரு. பாதிப் பேர் சிரிச்சாக.

நான் எழுதி வச்சிருந்த பேச்சை ஓரமா வச்சிட்டேன். "எங்க அத்தாவுக்கு முடிவு தெரிஞ்சிருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் கேட்டேன், வெக்கத்தை விட்டுக் கெஞ்சிக் கேட்டேன், அவர் சொல்லல. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க அத்தாவோட வார்த்தை நிக்குது. அதைத் தாண்டி என்னாலயும் வர முடியல, உங்களாலயும் வர முடியாது"ன்னேன். சத்தம் அடங்கிருச்சு. அதுக்கப்புறம் மணலைப் பத்திப் பேசுனேன். நல்லாப் பேசுனேன் அத்தா. நல்லசிவம் சாரே ஒரு இடத்துல தலையை ஆட்டுனாரு.

அப்புறம் கட்டைப் பிரிச்சாக. அழகுராஜாவே கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தை வாசிச்சாரு.

உங்களுக்குத்தான் தெரியுமே. பரிதியன் துரோகி. எதிரிகிட்ட ஒரு தோப்புக்கும் ஒரு பட்டத்துக்கும் விலைபோன சாதாரணத் துரோகி. அந்த மணலைப் பத்தி ஒரு வரி இல்ல! நான் எந்திரிச்சு, "ஐயா, அப்ப அந்த மணல் எதுக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டி யோசிச்சுட்டு, "எதுக்கு எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்லையேம்மா"ன்னாரு. சிரிப்புல மண்டபமே குலுங்குச்சு.

நான் மைக் கிட்டப் போனேன். "நான் சொன்னது தப்பு. ரெண்டு வருஷமாத் தப்பு. ஒரு தப்புக்கு இம்புட்டு ஆதாரம் சேத்தேன் பாருங்க, அதுக்காவது கை தட்டுங்க"ன்னேன். தட்டுனாக அத்தா. உக்காந்திருந்தவங்க எந்திரிச்சுத் தட்டுனாக. என்னை ஜோசியக்காரின்னு சொன்னவர் பக்கத்துல வந்து, "மன்னிச்சிருங்கம்மா, முடிவு தெரிஞ்சவங்க யாரும் இப்படித் தப்பாச் சொல்ல மாட்டாங்க"ன்னாரு. அழகுராஜா ஒரு புத்தகத்துல 'மணலைக் கண்டுபிடித்த அத்தாவுக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. அதையும் அனுப்புறேன்.

இப்ப நெசத்தை எழுதுறேன். திருச்சிக்குத் திரும்புற பஸ்ல எனக்கு உங்க மேல அப்படிக் கோவம் வந்துச்சு. நவம்பர்லயே தெரியும் உங்களுக்கு. மக அத்தனை பேர் முன்னால தோத்து நிக்கப் போறான்னு தெரிஞ்சே, வெள்ளரிக்கா ருசி இல்லன்னு எழுதியிருக்கீக! மேலூர் தாண்டுற வரைக்கும் அழுதேன். துவரங்குறிச்சி வந்தப்ப யோசிச்சேன். நீங்க 'வெயில்'னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் விலகியிருப்பேன். வாழ்க்கை முழுக்க அந்தக் கூட்டத்துக்கு நான் கள்ளிதான். என் மனசுக்கும் அது பொய்னு சொல்ல முடியாமப் போயிருக்கும்.

அதுக்கப்புறம் மறுபடி அழுகை வந்து, நடத்துனர்கிட்டயே சொல்லிட்டேன் அத்தா. "அழுவுறியேம்மா, என்ன?"ன்னு கேட்டாரு. "எங்க அத்தா ஒரு வார்த்தை குடுத்தாருண்ணே, காப்பாத்திட்டாரு"ன்னேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல.

ஆயிரம் ஸலாத்துடன்,
உங்க தஹ்மீனா


சிவகாசி
17.01.2026

என் தங்கத்துக்கு அத்தா எழுதிக்கிறது.

ஸலாம். இங்கன நலம். இனிமே எல்லாத்தையும் எழுதலாம், அதனால நீளமா எழுதுறேன்.

பெரிய அச்சாபீஸ்ல கேலண்டரும் டைரியும் குவிஞ்சு கிடந்ததால ஒரு பங்கு லோடை நம்மகிட்ட இறக்குனாங்க. போன் உள்ள வரக்கூடாது, ஒரு தாள் வெளிய போகக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொன்னாங்க. நானும் எல்லா ஆளுகளும் சரின்னோம். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்தான். உன் கதை என் கையில கட்டாகுமேன்னு ஒரு ஆசை.

படிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா மடிச்ச தாளை வரிசையா அடுக்கும்போது பக்கத்தைப் பாத்துத்தானே ஆகணும். மாரிசெல்விதான் முதல்ல பாத்தா. கையில ஒரு மடிப்பை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா. "பாய், நம்ம பரிதியன்..."னு சொன்னா, மேல சொல்லல. நான் வாங்கிப் பாத்தேன். கொஞ்ச நேரம் அங்கன ஒருத்தரும் வேலை செய்யல. யாரோ செத்த வீடு மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு வேலை முடிஞ்சதும் மாரிசெல்வி எங்கிட்ட வந்தா. "பாய், தஹ்மீனாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. சின்னப்புள்ள, அத்தனை சனத்துக்கு முன்னால போய் நிக்கப் போகுது."

"உம் மக ஓவியாவும் இந்தக் கதையைத்தானே விழுந்து விழுந்து படிக்கிறா. அவகிட்டச் சொல்லிட்டியா?"ன்னேன்.

"தினம் கேக்குறா. சொல்லல பாய்."

"நீ உம் மகளுக்குச் சொல்லாதப்ப, நான் மட்டும் எம் மகளுக்கு எப்படிச் சொல்லுறது?"

அவ கூடையில இருந்து போனை எடுத்துக்கிட்டுப் போனா.

நீ மழை, வெயில்னு எழுதுன கடிதாசி வந்தன்னைக்கு, 'வெயில்'னு ஒரு தாள்ல எழுதியும் பாத்தேன். அழகான எழுத்துதான். அப்புறம் கிழிச்சுட்டேன். நீ தோத்துருவன்னு எனக்குத் தெரியும். ஆனா தோத்தா ஒடிஞ்சுபோவன்னு நான் நெனைக்கல. அப்படி நெனைச்சிருந்தா, அல்லாஹ் மன்னிப்பானாக, எழுதியிருந்தாலும் எழுதியிருப்பேன்.

இப்ப நேத்து நடந்ததைச் சொல்லுறேன். விஸ்வநத்தம் ரோடு பிரியுற விலக்குல டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தேன். பக்கத்து பெஞ்சுல நாலஞ்சு பயலுக, பட்டாசு லோடு ஏத்திட்டு வந்தவங்க. ஒருத்தன் போன்ல உன் பேச்சு ஓடுது. "நான் சொன்னது தப்பு. ரெண்டு வருஷமாத் தப்பு"ன்னு உன் குரல். பயலுக சிரிக்கிறானுக. எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்ப அதுல ஒருத்தன், "ஏலே, தப்புன்னு இப்படி நிமிந்து நின்னு சொல்லுறதுக்கு ஒரு தில்லு வேணும்லே"ன்னான்.

நான் கிளாசை வச்சிட்டுக் கிட்டப் போனேன். "தம்பி, அதை இன்னொரு வாட்டி போடு"ன்னேன். போட்டான். நீ 'எங்க அத்தாவோட வார்த்தை'ன்னு சொல்லுற இடம் வந்துச்சு. "இன்னும் ஒரு வாட்டி"ன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். "என்ன பாய், உங்களுக்குத் தெரிஞ்ச புள்ளையா?"ன்னான்.

"எம் மக"ன்னேன்.

டீக்கு யாரும் எங்கிட்டக் காசு வாங்கல.

எப்பவும் உன் கட்சியில இருக்கும்,
அத்தா
முகம்மது நூகு